பெரியம்மாவின் வளவில் நின்ற கண்

சீதேவிப்பிள்ளை என் அம்மாவின் அக்கா. செட்டிபாளையத்தில் வாவிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் அவரது வளவு இருந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் எங்கள் வளவு. எங்கள் ஊர் வழக்கத்தில் வீடும் வளவும் பெண்ணுக்குத்தான். ஆண் கல்யாணம் முடித்துப் பெண்வீட்டுக்கு வருவான். சண்டை வந்தால் வெளியே போக வேண்டியவனும் அவன்தான். பெரியம்மா இந்தச் சலுகையை வீணாக்கியதில்லை. வருடத்தில் இரண்டு மூன்று தடவையாவது பெரியப்பா சீனித்தம்பிக்கு வாசலைக் காட்டி, "உங்கட அம்மாட வீட்டுக்குப் போங்க" என்பார். பெரியப்பா சிரித்துக்கொண்டே தோணியடிக்குப் போவார். காலையில் மீனோடு வந்து அதே வாசலில் ஏறுவார்.

கோபம் உள்ள இடத்தில்தான் குணமும் இருக்கும் என்பார்கள். பெரியம்மாவிடம் இரண்டும் தாராளமாக இருந்தன. எனக்குக் கோபம் மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். சொல்லிவிட்டுப் போகட்டும். இந்தக் கதையைக் கோபமில்லாமல் சொல்ல எனக்குத் தெரியாது.

அது தொண்ணூறுகளின் பின்பாதி. சூரியன் எழும் பக்கத்தை எழுவான்கரை என்றும் படும் பக்கத்தைப் படுவான்கரை என்றும் சொல்வது எங்கள் வழக்கம். சண்டை வந்த பிறகு இந்தப் பெயர்களுக்கு வேறு அர்த்தம் வந்துவிட்டது. எழுவான்கரை அரசாங்கப் படையின் கையில், படுவான்கரை போராளி இயக்கத்தின் கையில். நடுவில் கிடந்த வாவி எல்லையாகிவிட்டது. இறால் பிடித்த தண்ணீர், பிள்ளைகள் குளித்த தண்ணீர், அக்கரைச் சொந்தக்காரர் பலாப்பழத்தோடு வந்து இறங்கிய தண்ணீர், எல்லாம் எல்லை. சூரியன் கிளம்பிய பிறகுதான் தோணி இறக்கலாம், பொழுது சாய முதல் கரையேறிவிட வேண்டும் என்று படை முகாமில் சொல்லியிருந்தார்கள்.

ஒரு ஆவணி மாதம் பெரியம்மாவின் வளவுக்கு ஒரு லொறியில் மரப்பெட்டிகள் வந்தன. முகாமின் பெரியவர் வந்து, முனையில் இருக்கும் இந்த இடம்தான் வசதி, முன்பக்க அறையும் முற்றமும் வேண்டும் என்றார். கேட்பது போலத்தான் சொன்னார். பின்னால் துவக்கோடு நின்றவர்களைப் பார்த்தால் அது கேள்வி இல்லை என்று யாருக்கும் விளங்கும். பெரியப்பா பெரியம்மாவைப் பார்த்து, "வீடு உன்ட. நீ சொல்லுறதுதான்" என்றார்.

"ஒண்ணாதெண்டா முழுசா எடுப்பாங்க. ஓமெண்டா குசினியாவது மிஞ்சும். எடுக்கச் சொல்லுங்க" என்றார் பெரியம்மா. அந்த ஒரு சொல்லைப் பிறகு அவர் எத்தனையோ தடவை தனக்குத் தானே சொல்லிக் காறித் துப்பியதை நான் கேட்டிருக்கிறேன்.

முற்றத்தில் உயரமான இரும்புக் கம்பம் ஒன்றை நட்டு, உச்சியில் சாம்பல் நிறத்தில் பால் வாளி அளவில் ஒரு சாமானைப் பூட்டினார்கள். அது வாவியைப் பார்த்தபடி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெல்லத் திரும்பும். அதற்குத் தெரிவது முன்னறையில் இருந்த டீவியில் தெரியும். மாமரத்தடியில் ஜெனரேட்டர். அதைப் பார்க்கவும் மொழிபெயர்க்கவும் காத்தான்குடியிலிருந்து சாலிஹ் என்ற மெக்கானிக்கைப் பிடித்திருந்தார்கள். வெளிநாட்டில் வேலை செய்து இங்கிலீசு பழகியவர். அந்த நாட்களில் அவர்களுடைய முஸ்லிம் ஊரும் எங்களுடைய தமிழ் ஊரும் முகம் பார்த்துப் பேசுவது குறைவு; இரண்டு பக்கமும் செத்தவர்கள் இருந்தார்கள். ஆனால் பெரியம்மாவின் தேத்தண்ணிக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ஒரு கிழமைக்குள் அவர் "தம்பி", இவர் "அக்கா".

அந்தச் சாமானை விற்கிற கம்பனிக்காரர் ஒரு வெள்ளைக்காரர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைப்பார். அவர் பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. கண்ணாடித்துரை என்று வைத்துக்கொண்டோம். சத்தியமாகச் சொல்கிறேன், அவர் கெட்ட மனிதர் போலத் தெரியவில்லை. பெரியம்மாவின் இறால் சொதியைக் கும்பிட்டுக் குடித்தார். தன் பிள்ளைகளின் படத்தை எங்களுக்குக் காட்டினார்.

"இது என்ன தம்பி, கமராவா?" என்று ஒரு நாள் பெரியப்பா கேட்டார்.

"கண்ணுதான் அண்ணன். ஆனா வெளிச்சம் பாக்கிற கண் இல்ல, சூடு பாக்கிற கண்" என்றார் சாலிஹ். "மனுசன்ட உடம்புச் சூடு வெள்ளையாத் தெரியும். தண்ணி கறுப்பு. முந்தி இந்தக் கம்பனி பீரங்கி வண்டிக்குத்தான் இந்தக் கண்ணைச் செஞ்சதாம். இப்ப பீரங்கி வாங்கிற ஆக்கள் குறைவாம். அதால எல்லைக்குக் கண் விக்கிறாங்க. எல்லை இல்லாத நாடு இல்லையே."

"இஞ்ச ஏன் கொண்டந்தவங்க?"

"சண்டையில பாவிச்ச சாமான் எண்டா விலை கூட. அதுக்குத்தான் முகாமுக்குச் சும்மா குடுத்திருக்காங்க, பாவிச்சுப் பாருங்க எண்டு."

எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். இவர்கள் எரிகிற வீட்டிலேயே கடை போட்டிருந்தார்கள்.

பெரியப்பா கம்பத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "சூடு தெரியுமெண்டா இவ கோவத்தில நிக்கிறது அக்கரைக்கும் தெரியும்" என்றார். பெரியம்மா அகப்பையைத் தூக்கினார். சாலிஹ் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி புரைக்கேறியது. சூடு பார்க்கிற கண் என்று அவர் சொன்னதை அன்றைக்கு யாரும் சரியாக விளங்கிக்கொள்ளவில்லை. கண் என்றால் வெளிச்சம் வேண்டும், இருட்டிலும் பனியிலும் கண் தெரியாது என்பதுதான் எங்கள் புத்தி.

பெரியப்பா எப்படித் தொழில் செய்வார் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் வாவியில் வலை போடுகிற பழைய ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. அன்றைய வலையில் முதலில் வரும் மீன் தண்ணீருக்குச் சொந்தம். அதை எறியக் கூடாது. எறிந்தால் கொடுத்ததாக ஆகாது. இரண்டு கையாலும் ஏந்தி, நெற்றியில் ஒற்றி, குனிந்து தண்ணீருக்குள் மெல்ல இறக்கி, அது தானாக நீந்திப் போகும்வரை கையை எடுக்காமல் இருக்க வேண்டும். மற்றவர்கள் சின்ன மீனாகப் பார்த்து விட்டுவிட்டு முதல் மீன் என்பார்கள். பெரியப்பாவுக்கு அந்தக் கள்ளம் தெரியாது. ஒரு தடவை முழங்கை நீளக் கொடுவா முதலில் வந்திருக்கிறது. அதையும் விட்டுவிட்டு வந்து நின்றார். பெரியம்மா அன்றைக்கு முழுவதும் வாயை மூடவில்லை. "வாவிக்குக் குடுக்கிறாராம் வாவிக்கு! வாவியா உங்களுக்குச் சோறாக்கித் தருது?" என்றார்.

தை மாதம் ஒரு காலை. மாரி மழை விட்டு, முகத்துவாரம் வெட்டுப்பட்டு, வாவிக்குள் மீன் ஏறியிருந்த நேரம். அக்கரை மட்டுமல்ல, தோணியின் மறுமுனைகூடத் தெரியாத பனி. சூரியன் இன்னும் கிளம்பவில்லை. பெரியப்பா வலையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.

"விடியட்டுமே" என்றார் பெரியம்மா.

"விடிஞ்சா மீன் கீழ போயிரும். இந்தப் பனிக்குள்ள என்ட கையே எனக்குத் தெரியல்ல. அந்தக் கண்ணுக்கு என்ன தெரியப் போகுது?"

கொஞ்ச நேரத்தில் முகாம் பக்கமிருந்து வெடிச் சத்தம் கேட்டது. அந்த நாட்களில் வெடிச் சத்தம் காகம் கரைவது மாதிரி. யாரும் வேலையை நிறுத்துவதில்லை. பனி விலகியது, வெயில் ஏறியது, மற்றத் தோணிகள் போய்த் திரும்பியும் வந்தன. பெரியப்பா வரவில்லை.

பெரியம்மாவும் நானும் முகாமுக்குப் போனோம். பெரியவர் மரியாதையாகத்தான் பேசினார். மீன் பிடிக்கிற யாரையும் சுடவில்லை, அக்கரையிலிருந்து வந்து வாவியில் கண்ணிவெடி வைத்த ஒருவனைத்தான் சுட்டோம், உடம்பும் கிடைக்கவில்லை, தோணியும் கிடைக்கவில்லை என்றார். வானொலியிலும் அப்படியே சொன்னார்கள்.

இதைக் கேட்டதும் பெரியம்மாவின் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. "கண்ணிவெடி வச்சவனைத்தானே சுட்டிருக்காங்க" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். "அப்ப அது அவரில்ல. அவருக்கு வீட்டில எலிப்பொறி வைக்கவே தெரியாது. பனிக்குள்ள திசை மாறி அக்கரையில ஏறியிருப்பார். அவங்க பிடிச்சு வச்சிருப்பாங்க. விடுவாங்க."

ஆக, சுட்டவர்கள் சொன்ன பொய்யே அவருக்கு நம்பிக்கையாகிவிட்டது. அக்கரையில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் பெரியப்பாவைப் போல ஒருவரைக் கண்டதாக ஒரு வியாபாரி சொன்னார். வைகாசியில் அம்மன் கோயில் கதவு திறக்க முன்னமே ஆள் வரும் என்று ஒருவர் கட்டுப் பார்த்துக் குறி சொன்னார். பெரியம்மா நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டு, முன்னறைக்காரர்களுக்குச் சமைத்துக்கொண்டு காத்திருந்தார். ஏதாவது செய்தி வந்தால் இந்த முன்னறைக்குத்தானே முதலில் வரும் என்று அவர் நினைத்தார். அது மட்டும் சரியாகத்தான் இருந்தது.

வைகாசி பிறந்து சில நாளில் கண்ணாடித்துரை விருந்தாளிகளோடு வந்தார். வேறொரு நாட்டு ஆட்கள், அதில் ஒரு பெண். அவர்களுடைய கடல் எல்லைக்கு இந்தக் கண்ணை வாங்கலாமா என்று பார்க்க வந்திருந்தார்கள். "அவங்கட கடலில சின்னச் சின்னப் படகில சனம் வருதாம், சண்டைக்குப் பயந்து ஓடி வாற சனம். அதைக் கரைக்கு வர முதலே பாக்கணுமாம்" என்று சாலிஹ் குசினி வாசலில் நின்று சொன்னார். மத்தியானச் சாப்பாடு எங்கள் பொறுப்பு. உயிர் மீனாகச் சமைக்கப் பறிக்கூடையில் அடைத்துத் தண்ணீருக்குள் கட்டியிருந்தோம். பெரியம்மாவின் மகள் தவமலர் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது பதினெட்டு வயது. பெரியம்மா தேத்தண்ணித் தட்டை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனார். வடைத் தட்டோடு நான் பின்னால் போனேன்.

டீவியில் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் மையாகக் கறுத்திருந்தது. பனி என்பதே அதில் இல்லை. நடுவில் மங்கலாக ஒரு தோணி, தோணியில் ஒரு வெள்ளை உருவம். முகம் கிடையாது, உடுப்பு கிடையாது, வெள்ளை மட்டும். அது எதையோ இழுத்தது. பிறகு இரண்டு கைகளையும் ஏந்தி நெற்றிக்குக் கொண்டுபோனது. குனிந்தது. தோணி விளிம்புக்கு வெளியே இரண்டு கைகளையும் மெல்ல, மிகவும் மெல்லத் தண்ணீருக்குள் இறக்கியது. அப்படியே கொஞ்ச நேரம் இருந்தது. கண்ணாடித்துரை ஒரு குச்சியால் அந்தக் கைகளைத் தொட்டுக் காட்டி ஏதோ சொன்னார். விருந்தாளிகள் தலையாட்டினார்கள். கரையிலிருந்து வெள்ளைக் கோடுகள் பாய்ந்தன.

பெரியம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு டீவிக்கு முன்னால் குந்தினார்.

"தம்பி, இன்னொருக்காப் போடச் சொல்லுங்க" என்றார்.

சமைக்க வந்த பொம்பிளைக்கும் ஆசையாக இருக்கிறது என்று நினைத்தார்களோ என்னவோ, சிரித்துக்கொண்டு மறுபடி போட்டார்கள். இந்தத் தடவை கடைசிவரை ஓடியது. தோணி கவிழ்ந்த பிறகும் அந்த வெள்ளை உருவம் தண்ணீரில் கிடந்தது. உடம்பு குளிரக் குளிர வெள்ளை சாம்பலாகி, சாம்பல் கறுப்பாகி, தண்ணீரும் ஆளும் ஒன்றாகிப் போனார்கள். அந்த இடத்தில்தான் கண்ணாடித்துரைக்குப் பெருமை அதிகம். எவ்வளவு சின்னச் சூட்டு வித்தியாசத்தையும் இந்தக் கண் விட்டுவிடாது என்று அவர் சொன்னதாகச் சாலிஹ் பிறகு சொன்னார்.

பெரியம்மா அழவில்லை. எழுந்து குசினிக்கு வந்தார். சாலிஹ் பின்னாலேயே ஓடி வந்தார். அவருக்கும் அந்த நிமிடத்தில்தான் விளங்கியிருக்க வேண்டும்.

"அவர்தான்" என்றார் பெரியம்மா. "முதல் மீனை விடுறார். அந்தத் துரை என்ன சொன்னவர்?"

"கண்ணிவெடியைத் தண்ணிக்குள்ள இறக்கிறான், பாருங்க எவ்வளவு துப்புரவாத் தெரியுது எண்டவர்." சாலிஹ் குரலைத் தாழ்த்தினார். "மீன் தண்ணியைப் போலக் குளிர் அக்கா. சூடு பாக்கிற கண்ணில மீன் தெரியாது. கை மட்டும்தான் தெரியும்."

"நான் போய்ச் சொல்லப் போறன்."

"வாயத் திறக்காதீங்க அக்கா. அல்லாவுக்காகக் கேக்கிறன். அவங்கட புத்தகத்தில அந்த ஆள் கண்ணிவெடி வச்சவன். அது என்ட மனுசன் எண்டு நீங்க சொன்னா, நீங்க கண்ணிவெடிக்காரன்ட பொஞ்சாதி, இந்தப் பிள்ளை கண்ணிவெடிக்காரன்ட மகள். பிள்ளையைக் கொண்டு போவாங்க. பேசாம இருந்தா, காணாமப் போன மனுசன்ட பொஞ்சாதி எண்டாவது இருக்கலாம்."

அவர் சொன்னதில் பிழை இல்லை. அந்த நாட்களில் வெள்ளை உடுப்போடு பள்ளிக்கூடம் போன பிள்ளைகளே திரும்பி வராமல் இருந்திருக்கிறார்கள். நான் பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தவமலரைப் பார்த்தார்.

"மகள், அப்பாவைக் கண்டுட்டன்" என்றார்.

தவமலர் துருவலையை விட்டுத் துள்ளி எழுந்தாள். "எங்கம்மா?"

அந்தப் பிள்ளையின் முகம் அப்படிப் பூத்ததை நான் ஏன் பார்த்தேன் என்று இருக்கிறது. பெரியம்மா முன்னறைப் பக்கம் கையைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னார். சாலிஹ் சொன்ன பயத்தையும் மறைக்காமல் சொன்னார். அவள் தேங்காய்ப்பூ ஒட்டிய கையோடு நின்று கேட்டாள். பிறகு, "சொல்லுங்கம்மா" என்றாள். "எனக்கு என்ன பேர் வந்தாலும் வரட்டும். அப்பாக்கு அந்தப் பேர் வரக் கூடாது."

பெரியம்மா முன்னறைக்குப் போகவில்லை. சொல்லி யார் நம்பப் போகிறார்கள்? நேரே கரைக்கு இறங்கி, பறியில் கிடந்த கொடுவா ஒன்றை ஈரச் சாக்கில் சுற்றி, எங்கள் சின்னத் தோணியில் போட்டு, கோலூன்றி வாவிக்குள் போனார். பட்டப்பகல், தோணி போகலாம்தான். ஆனால் அவர் போனது பெரியப்பா வலை போடும் நடு வாவியை நோக்கி. அதற்கு அப்பால் எங்கள் ஆட்கள் யாரும் போவதில்லை. காவலில் நின்றவன் சத்தம் போட்டான். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மணல் மூட்டைகளுக்குப் பின்னால் துவக்குகள் நிமிர்ந்தன. நான் கரையில் நின்று தொண்டை கிழியக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது.

கம்பத்தின் உச்சியிலிருந்த கண்ணும் அவர் பக்கம் திரும்பியது. முன்னறையில் கண்ணாடித்துரை உற்சாகமாகிவிட்டாராம். தானாகவே ஒரு படகு வந்து மாட்டியிருக்கிறது, விருந்தாளிகள் கண்ணாலேயே பார்க்கலாம், சுடச் சொல்லாதீர்கள் என்று முகாம் பெரியவரைக் கேட்டாராம். பெரியம்மாவின் உயிர் தப்பியது அப்படித்தான். பூனைக்கு விளையாட்டு, எலிக்குச் சீவன் போகிறது என்பது சரிதான்.

நான் சன்னலடிக்கு ஓடினேன். டீவியில் கறுப்புத் தண்ணீர், மங்கலான தோணி, வெள்ளை உருவம். அது குனிந்து எதையோ எடுத்தது. இரண்டு கைகளையும் ஏந்தி நெற்றியில் ஒற்றியது. விளிம்புக்கு வெளியே குனிந்து, மெல்லத் தண்ணீருக்குள் இறக்கி, அப்படியே இருந்தது. கைகளுக்குள் ஒன்றும் தெரியவில்லை. சற்று முன் வீடியோவில் பார்த்தது அப்படியே. விருந்தாளிப் பெண் எழுந்து டீவிக்கு அருகில் வந்து, "அவள் கையில் என்ன இருந்தது?" என்று கேட்டாள். அந்த அளவு இங்கிலீசு எனக்கும் விளங்கியது.

சாலிஹ்தான் பதில் சொன்னார். முகாம் பெரியவர் பார்த்துக்கொண்டு நிற்க, துரை பார்த்துக்கொண்டு நிற்க, அது மீன், அன்றைக்கும் மீன்தான், செத்தவர் அந்தப் பெண்ணின் புருசன், இந்த வீட்டு ஆள், இங்கே இப்படித்தான் முதல் மீனை விடுவார்கள் என்று எல்லாவற்றையும் சொன்னார். அதற்குப் பிறகு அவருக்கு அந்த வேலை இல்லாமல் போனது. அதைப் பற்றி அவர் ஒரு நாளும் குறைப்பட்டதில்லை.

பெரியம்மா கரையேறி ஈரச் சேலையோடு முன்னறை வாசலில் வந்து நின்றார். கண்ணாடித்துரை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் முகத்தில் வருத்தம் இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விருந்தாளிகள் பக்கம் திரும்பிப் பேசினார்.

"என்ன சொல்றார்?" என்றார் பெரியம்மா.

சாலிஹ் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"இது பழைய கண்ணாம். இதைவிட நல்லது ஒண்டு இப்ப செய்றாங்களாம். விலை கூடவாம். அதில மீனும் தெரியுமாம். அதை வாங்குங்க எண்டு அவங்களுக்குச் சொல்றார்."

"அந்தக் கண் அண்டைக்கு இருந்திருந்தா இவரைச் சுட்டிருக்க மாட்டாங்களா? கேளுங்க."

சாலிஹ் கேட்டார். துரை கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னார். சுடுவதும் சுடாமல் விடுவதும் வாங்குகிறவர்களின் வேலை, கம்பனி பார்க்க மட்டும்தான் கொடுக்கிறது என்றார்.

பெரியம்மா குசினிக்கு வந்தார். மூன்று அடுப்பும் எரிந்துகொண்டிருந்தன. ஒன்றில் சோறு, ஒன்றில் மீன் ஆணம், ஒன்றில் சொதி. குடத்திலிருந்த தண்ணீரை எடுத்து மூன்று அடுப்புக்குள்ளும் ஊற்றினார். குசினி முழுக்கப் புகையும் சாம்பலும். செத்த வீட்டில் அடுப்பு எரிவதில்லை. எங்கள் ஊரில் அதற்கு மேல் அறிவித்தல் தேவையில்லை. பிறகு முற்றத்தில் அந்தக் கம்பத்தடியில் போய் இருந்து, பொட்டை அழித்துவிட்டு, தை மாதத்திலிருந்து அடக்கி வைத்திருந்ததை எல்லாம் வாய்விட்டு அழுதார். வேலியால் என் அம்மா வந்தார், அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்தார்கள், துவக்குகளுக்கு நடுவில் வட்டமாக இருந்து ஒப்பாரி வைத்தார்கள். விருந்தாளிகளைச் சாப்பாடும் இல்லாமல் அவசரமாக ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் முகாமுக்குக் கூப்பிட்டுக் கேட்டபோதும் பெரியம்மா மாற்றிச் சொல்லவில்லை. மரண அத்தாட்சி கிடைக்கவில்லை. வானொலியில் சொன்னதை யாரும் திருத்தவில்லை. குசினியையும் எடுத்துக்கொண்டார்கள், தாயும் மகளும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள், எட்டாம் நாள் செலவுச் சடங்கு எங்கள் வளவில்தான் நடந்தது. அந்த நாட்டுக்காரர்கள் மீன் தெரிகிற கண்ணையே வாங்கினார்கள் என்று கேள்விப்பட்டோம். வீடியோவைக் கேட்டு வாங்கித் தர முடியுமா என்று பெரியம்மா சாலிஹைக் கேட்டார். அவர் கேட்டுப் பார்த்தார். அது நன்றாக விற்றுத் தருகிற வீடியோ, கொடுக்க மாட்டோம் என்றார்களாம். என் பெரியப்பா எந்தெந்த நாட்டிலோ, தேத்தண்ணி குடிக்கிற ஆட்களுக்கு முன்னால் இன்னும் சுடப்பட்டுக்கொண்டிருந்தார். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் எதையாவது தூக்கி எறிய வேண்டும் போல இருக்கிறது.

பேர் வந்துதான் சேர்ந்தது. மட்டக்களப்புக்குப் போகும் பஸ்ஸைக் காவலரணில் மறித்து எல்லோரையும் இறக்குவார்கள். அடையாள அட்டையைப் பார்த்ததும் தவமலரை மட்டும் தனியே நிறுத்துவார்கள். ஒரு நாள் பெரியம்மாவும் நானும் கூட இருந்தோம். சிப்பாய் தனக்குத் தெரிந்த தமிழில், "அப்பா கண்ணிவெடி?" என்று கேட்டான்.

தலையைக் குனிந்துகொண்டு நின்றால் விட்டுவிடுவான். எத்தனையோ பேர் அப்படித்தான் தப்பிப் போனார்கள். தவமலர் நிமிர்ந்து, "இல்ல. மீன்" என்றாள்.

அவன் அவளை வெயிலுக்குள் போய் நிற்கச் சொன்னான். மற்றவர்களை ஏறச் சொன்னான். பஸ்ஸில் ஏறி இருந்த பெரியம்மா தன் பையை என் மடியில் வைத்துவிட்டு இறங்கிப் போய், மகளுக்குப் பக்கத்தில் நின்றார். சாரதி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பஸ்ஸை எடுத்தார். பின்கண்ணாடியால் நான் பார்த்தபோது இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள்.